பணி ஆணை வரும்வரை ஒரு செங்கல்லையும் பெயர்க்காதீர்கள்

கேள்வி: ஐயா, நாங்கள் திண்டுக்கல் மாவட்டத்தில் ஒரு கிராமத்தில் குடியிருக்கிறோம். 1994-ல் என் அப்பாவுக்கு ஆதிதிராவிடர் நலத்துறை கொடுத்த மனையில் தொகுப்பு வீடு கட்டிக் கொடுத்தார்கள். அப்பா இறந்து ஆறு வருடம் ஆகிறது. பட்டா இன்னும் அவர் பெயரில்தான் இருக்கிறது. அம்மா, நான், என் கணவர், பையன் நான்கு பேரும் அந்த வீட்டில்தான் இருக்கிறோம். தம்பி திருப்பூரில் வேலை பார்க்கிறான். போன ஐப்பசி மழையில் உள்ரூமில் தளத்துக் காரை பெயர்ந்து பாயில் விழுந்தது. பையன் அப்போதுதான் எழுந்து போயிருந்தான். கம்பி வெளியே தெரிகிறது. கலைஞரின் கனவு இல்லம் திட்டத்தில் கேட்டால், "உங்களுக்குத்தான் ஏற்கெனவே அரசாங்கம் வீடு கொடுத்திருக்கிறதே" என்று அனுப்பிவிட்டார்கள். ஊரில் ஒருவர், பதினைந்தாயிரம் கொடுத்தால் லிஸ்டில் பெயரை ஏற்றிவிடலாம், வீட்டை இடித்துவிட்டுக் கொட்டகை போட்டுக்கொண்டால் சீக்கிரம் கிடைக்கும் என்கிறார். என் கணவரும் இடித்துவிடலாம் என்கிறார். என்ன செய்வது? இன்னொரு கேள்வி. எங்கள் தெருவில் நாற்பது வீடுகள். சாக்கடை போக வாய்க்கால் கிடையாது. நாங்கள் சங்கமாகச் சேர்ந்தால் அதற்கு மானியம் கிடைக்குமா?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கணவரிடம் முதலில் இதைச் சொல்லுங்கள்: பணி ஆணை, அதாவது வேலையைத் தொடங்கலாம் என்று ஆபீசில் எழுத்தில் தரும் உத்தரவு, கைக்கு வரும்வரை அந்த வீட்டிலிருந்து ஒரு செங்கல்லைக்கூடப் பெயர்க்கக் கூடாது. முப்பது வருடம் ஊராட்சி ஒன்றியத்தில் ஓவர்சியராக இருந்தவன் என்ற முறையில் இதை அழுத்திச் சொல்கிறேன். நான் வேலை பார்த்த ஒன்றியத்தில் ஒரு குடும்பம் இதே மாதிரி யாரோ சொன்னதை நம்பி வீட்டை இடித்தது. பெயர் லிஸ்டில் வந்துவிட்டது, ஆணை வந்துகொண்டே இருக்கிறது என்று சொல்லியிருக்கிறார்கள். அந்த வருடம் ஒதுக்கீடு முடிந்துவிட்டது, ஆணை வரவில்லை. இரண்டு மழைக்காலம் அவர்கள் தார்ப்பாய்க்கு அடியில்தான் இருந்தார்கள். நான் போய்ப் பார்த்தபோது, இடித்த வீட்டின் வாசல் நிலையை மட்டும் அந்த அம்மா விடாமல் அப்படியே நிறுத்தி, அதில் சாக்குப் படுதா கட்டியிருந்தார். சுவர் இல்லை, நிலை மட்டும் நின்றது. அதிலும் மஞ்சள் பூசிக் குங்குமம் வைத்திருந்தார். அதற்குப் பிறகு யார் வந்து "இடிக்கலாமா சார்" என்று கேட்டாலும் எனக்கு அந்த நிலைதான் கண்ணுக்கு முன்னால் வரும்.

சரி, உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். கனவு இல்லம் திட்டத்தில் உங்களைத் திருப்பி அனுப்பியதில் விதிப்படி தவறில்லை. அது குடிசையில் இருப்பவர்களுக்கான திட்டம். 2030-க்குள் குடிசை இல்லாத தமிழ்நாடு என்று 2024-25 பட்ஜெட்டில் அறிவித்து, ஆறு வருடத்தில் எட்டு லட்சம் வீடுகள், முதல் வருடம் ஒரு லட்சம் வீடுகள், வீட்டுக்கு 3.50 லட்சம் ரூபாய் என்று தொடங்கினார்கள். 360 சதுர அடி வீடு, அதில் 300 சதுர அடி கான்கிரீட் தளம். உங்கள் வீடு எவ்வளவு மோசமாக இருந்தாலும் அது தளம் போட்ட வீடு. குடிசைக் கணக்கெடுப்பில் அது வராது. ஆனால் உங்களை வாசலோடு திருப்பி அனுப்பியவர்கள், "இது இல்லை, உங்களுக்கு வேறு திட்டம் இருக்கிறது" என்று சொல்லியிருக்க வேண்டும். அதைச் சொல்லாமல் விட்டதுதான் தவறு.

உங்களைப் போன்ற வீடுகளுக்கென்றே இரண்டு திட்டங்கள் அறிவித்தார்கள். ஒன்று, 2024-ல் வந்த ஊரக வீடுகள் பழுதுபார்ப்புத் திட்டம். 2000-01-க்கு முன்பு அரசுத் திட்டங்களில் கட்டிய இரண்டரை லட்சம் வீடுகளை 2,000 கோடி ரூபாயில் சரிசெய்வது என்று அறிவிப்பு. இன்னொன்று, பழுதுபார்க்கவே முடியாத நிலையில் இருப்பவற்றை எடுத்துவிட்டுப் புதிதாகக் கட்டும் முதலமைச்சரின் வீடுகள் மறுகட்டுமானத் திட்டம். 2025-26 பட்ஜெட்டில் 25,000 வீடுகளுக்கு 600 கோடி ரூபாய் ஒதுக்கினார்கள். வகுத்துப் பார்த்தால் வீட்டுக்கு 2.40 லட்சம். உங்கள் வீடு 1994-ல் கட்டியது. அதனால் இரண்டில் ஒன்றுக்குள் வர உங்களுக்கு நியாயம் இருக்கிறது. எனவே இனிமேல் ஆபீசில் போய் "வீடு வேண்டும்" என்று கேட்காதீர்கள். "2001-க்கு முந்தைய தொகுப்பு வீடு, பழுது பார்க்க வேண்டும் அல்லது மறுகட்டுமானம் செய்ய வேண்டும்" என்று கேளுங்கள். இந்த ஒரு வரியால் உங்கள் மனு போகும் ஃபைலே மாறும்.

கொட்டகை யோசனை வேண்டவே வேண்டாம். வீட்டை இடித்துக் கொட்டகை போட்டால், தொகுப்பு வீடு என்ற உரிமையும் போய்விடும், குடிசைக் கணக்கெடுப்பில் பெயரும் இருக்காது. கணக்கெடுப்பு முடிந்த பிறகு முளைத்த கொட்டகை எது என்று ஊரில் எல்லோருக்கும் தெரியும். கள ஆய்வுக்கு வருகிறவர் பக்கத்து வீட்டில்தான் முதலில் விசாரிப்பார். பதினைந்தாயிரம் கேட்டவருக்கு ஒரு ரூபாயும் கொடுக்காதீர்கள். பயனாளியைத் தேர்வு செய்வது அதற்கென்று உள்ள அரசுக் குழுவும் கிராம சபையும்தான். பணம் உங்கள் வங்கிக் கணக்குக்கு நேராக வரும். இந்த வழியில் எந்த இடத்திலும் அந்த மனிதருக்கு வேலை கிடையாது. உங்கள் பெயர் தானாகவே வந்தாலும் "நான்தான் போட்டேன்" என்று வந்து நிற்பார். வராவிட்டால் கண்ணில் படமாட்டார்.

அடுத்தது பட்டா. பல வீடுகளில் மானியம் நின்றுபோவது இந்த இடத்தில்தான், கட்டடத்தில் அல்ல. அப்பா பெயரில் பட்டா இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். அந்தக் காகிதத்தை எடுத்து நன்றாகப் பாருங்கள். ஆதிதிராவிடர் நலத்துறையில் தனி வட்டாட்சியர் கொடுத்த மனைப் பட்டாக்களில் நிறையவற்றை அந்தக் காலத்தில் கிராமக் கணக்கில் ஏற்றாமலே விட்டிருக்கிறார்கள். கையில் பட்டா இருக்கும், வி.ஏ.ஓ.விடம் உள்ள கணக்கில் அந்த இடம் இன்னும் பழைய நிலச்சொந்தக்காரர் பெயரிலோ சர்க்கார் பெயரிலோ கிடக்கும். இ-சேவை மையத்தில் உங்கள் சர்வே எண்ணைச் சொல்லி யார் பெயர் வருகிறது என்று பார்த்துவிடுங்கள். அப்பா பெயர் வராவிட்டால், பட்டாவின் நகலை வைத்துக் கணக்கில் ஏற்றச் சொல்லித் தாசில்தாருக்கு மனு கொடுங்கள். ஒரு நகலைத் தனி வட்டாட்சியருக்கும் கொடுத்துவிடுங்கள். இதற்குக் கொஞ்சம் அலைய வேண்டி வரும், அதனால் இதைத்தான் முதலில் தொடங்க வேண்டும்.

அப்பா பெயர் வந்தால் வேலை சுலபம். இறப்புச் சான்றிதழ், வாரிசுச் சான்றிதழ் இரண்டும் எடுங்கள். வாரிசுச் சான்றிதழுக்கு இ-சேவையிலேயே விண்ணப்பிக்கலாம். அதை வைத்துப் பட்டா மாறுதல் கேட்டால், அம்மா, நீங்கள், தம்பி மூன்று பேர் பெயரிலும் கூட்டுப் பட்டாவாக வரும். அம்மா பெயருக்கு மட்டும் தனியாக வேண்டுமென்றால் நீங்களும் தம்பியும் உங்கள் பங்கை விட்டுக்கொடுப்பதாக விடுதலைப் பத்திரம் எழுதிப் பதிவு செய்ய வேண்டும். அது உங்கள் குடும்பத்துக்குள் பேசி முடிவு செய்ய வேண்டிய விஷயம். நான் சொல்வது இவ்வளவுதான்: திருப்பூரில் இருக்கும் தம்பியிடம் இப்போதே போனில் பேசிவிடுங்கள். ஆணை வந்து, பேஸ்மட்டத்துக்குத் தோண்டும் நாளில் "என் பங்கு என்னாச்சு" என்ற கேள்வி வந்தால் வேலை அங்கேயே நின்றுவிடும். நான் பார்த்த பாதியில் நின்ற வீடுகளில் பணம் இல்லாமல் நின்றவையும் உண்டு, பங்காளிச் சண்டையில் நின்றவையும் உண்டு.

இதோடு வீட்டு வரி ரசீதுகளையும் தேடி எடுங்கள். பழசு எவ்வளவு கிடைக்கிறதோ அவ்வளவு நல்லது. அது அரசு கட்டிக்கொடுத்த வீடு, இன்ன வருடத்தில் கட்டியது என்பதற்கு உங்கள் கையில் வேறு ஆதாரம் இருக்க வாய்ப்பு குறைவு. ஆணை நகல் எல்லாம் அப்போது யாரும் பத்திரமாக வைத்துக்கொள்ளவில்லை. வரி ரசீது, கரண்ட் கனெக்‌ஷன் வாங்கிய காகிதம், அப்பா பெயர் போட்ட ரேஷன் கார்டு எல்லாம் உதவும். ஆதாரோடு இணைந்த வங்கிக் கணக்கு யார் பெயரில் பட்டாவும் மனுவும் போகிறதோ அவர் பெயரில் இருக்கட்டும். நூறு நாள் வேலை அட்டை இருந்தால் அதையும் சேர்த்து வையுங்கள்.

காகிதம் தயாரானதும் மனுவை எழுதி, தளத்தின் போட்டோ இரண்டு இணைத்து, ஊராட்சி ஒன்றிய அலுவலகத்தில் வட்டார வளர்ச்சி அலுவலர் பெயரில் கொடுங்கள். ஒன்றியத்தில் இரண்டு பி.டி.ஓ. இருப்பார்கள். வீட்டுத் திட்டங்கள் எந்த செக்‌ஷன், யார் பார்க்கிறார் என்று கேட்டு அவரிடமே கொண்டுபோங்கள். நகலில் சீலும் தேதியும் போட்டு வாங்காமல் வெளியே வராதீர்கள். அதே மனுவைத் திங்கட்கிழமை கலெக்டர் ஆபீசில் நடக்கும் மக்கள் குறைதீர்க்கும் கூட்டத்திலும் கொடுக்கலாம். அங்கே கொடுத்தால் ஒரு மனு எண் கிடைக்கும், கீழே இருப்பவர்கள் அதற்குப் பதில் எழுதியாக வேண்டும்.

அப்புறம் கிராம சபை. வருடத்தில் ஆறு நாள் கூடுகிறது: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. உங்கள் மாவட்டத்தில் ஊராட்சித் தலைவர்களின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5-ல் முடிந்து தனி அலுவலர் பொறுப்புக்குப் போனது. தலைவர் இல்லையே, இனி கிராம சபையும் இருக்காது என்று பல ஊர்களில் நினைத்துவிட்டார்கள். தலைவர் இல்லாத காலத்திலும் கிராம சபை கூடத்தான் செய்கிறது. உங்கள் தெருவிலிருந்து பத்துப் பேராவது போய் உட்காருங்கள். பழைய தொகுப்பு வீடுகளின் பட்டியலைப் படிக்கச் சொல்லுங்கள். உங்கள் வீடு அதில் இல்லையென்றால் சேர்க்கச் சொல்லித் தீர்மானப் புத்தகத்தில் எழுதச் சொல்லுங்கள். வாயால் சொல்லிவிட்டு வந்தால் அது காற்றோடு போகும். எழுதியதைப் படித்துப் பார்த்த பிறகு கையெழுத்துப் போடுங்கள்.

இவ்வளவுக்குப் பிறகும் பதில் இல்லையென்றால், தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் ஒரு மனு போடுங்கள். பத்து ரூபாய்க்குக் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டினால் போதும். "எங்கள் ஊராட்சியில் 2001-க்கு முன் அரசு கட்டிய வீடுகளின் கணக்கெடுப்புப் பட்டியல் நகல், அதில் என் தந்தையின் வீடு எந்த வகையில் உள்ளது" என்று இரண்டே வரி கேளுங்கள். முப்பது நாளில் பதில் தர வேண்டும். பழுதுபார்ப்பா, மறுகட்டுமானமா, இரண்டிலும் இல்லையா என்பது எழுத்தில் கிடைத்துவிட்டால் அடுத்து எங்கே போக வேண்டும் என்பதும் தெளிவாகிவிடும்.

எழுத்து வேலை நடக்கட்டும், அந்தத் தளத்தை இன்றைக்கே கவனியுங்கள். அடுத்த மழை வரை காத்திருக்க வேண்டாம். அந்தக் காலத்துத் தொகுப்பு வீடுகளில் தளம் மெல்லியதாக இருக்கும். கான்கிரீட்டைக் கையால் கலந்து போட்டிருப்பார்கள், கம்பிக்குக் கீழே அதை மூடும் கான்கிரீட் (கவர்) போதுமான அளவு இருக்காது. மேலே தட்டையான ஓடு பதிக்காத வீடுகளில் மழைநீர் தேங்கி உள்ளே இறங்கி, கம்பி துருப்பிடிக்கும். துருப்பிடித்த கம்பி பருக்கும், பருத்தால் கீழே இருக்கும் காரையைத் தள்ளிவிடும். உங்கள் பையனின் பாயில் விழுந்தது அந்தக் காரைதான். ஒரு நீளக் கம்பை எடுத்து, தலையில் துணி கட்டிக்கொண்டு, ஓரமாக நின்று தளத்தின் அடியைத் தட்டிப் பாருங்கள். நல்ல இடம் "டங்" என்று கெட்டியாகச் சத்தம் தரும். காரை விட்டுப்போன இடம் காலிப் பானையைத் தட்டுவது போல "டொப்" என்று கேட்கும். டொப் என்ற இடங்களை எல்லாம் கரிக்கட்டியால் வட்டம் போட்டு, அதையும் போட்டோ எடுங்கள். கள ஆய்வுக்கு வரும் என்ஜினியருக்கு அந்தப் படம் உங்கள் மனுவைவிட அதிகம் சொல்லும்.

உள்ரூமில் யாரும் படுக்க வேண்டாம். தளம் தொய்ந்த மாதிரித் தெரிந்தால் சவுக்குக் கட்டைகளை முட்டுக் கொடுங்கள், கட்டையின் தலையில் ஒரு பலகையை வைத்து முட்டினால் பாரம் பரவலாக இறங்கும். மாடியில் விறகு, வைக்கோல், பழைய சாமான் எதுவும் இருந்தால் இறக்கிவிடுங்கள். தண்ணீர் போகும் பைப் அடைத்திருக்கிறதா பாருங்கள். கொத்தனாரைக் கூப்பிட்டுக் கம்பி தெரியும் இடத்தில் சும்மா சிமெண்டை அப்பிவிடாதீர்கள். துருவின் மேல் அப்பிய பூச்சு ஒரு வருடம்கூட நிற்காது. அடுத்த தடவை அது கனமான பாளமாக விழும். துருவைத் தேய்த்து எடுத்து, கம்பிக்குத் துருத்தடுப்புப் பூச்சு அடித்து, அதன் பிறகுதான் காரை கட்ட வேண்டும். கம்பி பாதியாக மெலிந்திருந்தாலோ, சுவரிலும் மேலிருந்து கீழாக வெடிப்பு ஓடியிருந்தாலோ பழுதுபார்ப்பில் பணத்தைப் போட வேண்டாம். மறுகட்டுமானத்துக்கே கேளுங்கள்.

ஆணை வந்தால் பணம் எப்படி வரும் என்பதையும் இப்போதே தெரிந்துகொள்ளுங்கள். எந்தத் திட்டத்திலும் மொத்தமாகக் கையில் தர மாட்டார்கள். புதுவீடு என்றால் பேஸ்மட்டம், லிண்டல் (கதவு, ஜன்னலுக்கு மேல்மட்டம்), தளம், முடிவு என்று ஒவ்வொரு கட்டமாக ஓவர்சியர் வந்து அளந்து, உங்களை நிற்க வைத்துப் போட்டோ எடுத்து, பில் போட்ட பிறகுதான் அந்தக் கட்டத்துக்கான பணம் வரும். சிமெண்டும் கம்பியும் ஆபீஸ் மூலமாக வாங்கினால் அதன் விலையைப் பிடித்துக்கொள்வார்கள். ஆகவே மண் தோண்டிக் கல் அடுக்கிப் பேஸ்மட்டம் ஏற்றும் செலவு முழுக்க முதலில் உங்கள் கையிலிருந்துதான் போகும். அதற்கு மகளிர் குழுவில் கடன் கிடைக்குமா என்று அம்மாவை விசாரிக்கச் சொல்லுங்கள். மீட்டர் வட்டிக்குப் போகாதீர்கள். இன்றைய எம்.சாண்ட், ஜல்லி, ஆள் கூலி விலைக்கு 2.40 லட்சத்துக்குள் ஒரு வீட்டை முழுதாக முடிப்பது கஷ்டம் என்பதை ஒளிவுமறைவில்லாமல் சொல்லிவிடுகிறேன். அரசு சொல்லும் குறைந்த அளவுக்கே பிளான் போடுங்கள். "இருக்கிறதோடு இன்னொரு ரூமையும் சேர்த்துப் போட்டுவிடலாம்" என்று மேஸ்திரி சொல்வார். அந்த ஒரு ரூம்தான் பல வீடுகளை லிண்டல் மட்டத்தில் நிறுத்தியிருக்கிறது. படிக்கட்டுக்கு இடம் விட்டு, தளத்தில் கம்பியை நீட்டி விட்டுவைத்தால் பையன் வளர்ந்து மேலே கட்டிக்கொள்வான்.

மத்திய அரசின் ஊரக வீட்டுவசதித் திட்டத்தைப் பற்றியும் யாராவது சொல்வார்கள். சமவெளியில் அதற்கு 1.20 லட்சம். நம் மாநிலம் கான்கிரீட் தளத்துக்காக இன்னொரு 1.20 லட்சம் சேர்க்கிறது. அது கணக்கெடுப்புப் பட்டியலில் இருந்துதான் வரும், ஏற்கெனவே தளம் போட்ட வீடு உள்ளவர்கள் அதில் வருவது சிரமம். அதை நம்பி நாளைக் கடத்த வேண்டாம்.

இனி உங்கள் தெரு வாய்க்கால். எனக்கு உங்கள் கடிதத்தில் ரொம்பப் பிடித்தது இந்தக் கேள்விதான். நமக்கு நாமே திட்டம் 1997-ல் தொடங்கியது, நடுவில் தன்னிறைவுத் திட்டம் என்ற பெயரில் நடந்து, 2021-ல் மறுபடி பழைய பெயருக்கு வந்தது. மதிப்பீட்டில் மூன்றில் ஒரு பங்கை மக்கள் கட்டினால் மீதியை அரசு போடும். ஆதிதிராவிடர், பழங்குடியினர் குடியிருப்புகளுக்கு ஐந்தில் ஒரு பங்கு போதும். இதைப் பல ஊர்களில் சொல்வதே இல்லை. வாய்க்காலுக்கு மூன்று லட்சம் மதிப்பீடு வருகிறது என்று வையுங்கள். உங்கள் தெருவின் பங்கு அறுபதாயிரம், நாற்பது வீட்டுக்குப் பிரித்தால் வீட்டுக்கு 1,500 ரூபாய். கோயில் கொடைக்கு வரி வைப்பது மாதிரி வைத்து, கொடுக்க முடியாத வீடுகளைத் தெருவே தாங்கிக்கொண்டால் இது முடியாத காரியம் அல்ல. அதற்குச் சங்கம் பதிவு செய்துதான் ஆக வேண்டும் என்பதில்லை. மனு கலெக்டர் பெயரில் போக வேண்டும். முதலில் ஒன்றிய என்ஜினியரை வரவழைத்து மதிப்பீடு வாங்குங்கள், தண்ணீர் கடைசியில் எங்கே போய் விழும் என்பதை அவரோடு நடந்துபோய்ப் பார்த்துவிடுங்கள். போய்ச் சேரும் இடம் இல்லாமல் கட்டிய வாய்க்கால் தெரு முழுக்கக் கொசுத் தொட்டியாகத்தான் நிற்கும். அப்படிக் கட்டிய வாய்க்கால்களை நானே அளந்திருக்கிறேன், இன்றைக்கும் வருத்தமாக இருக்கிறது.

பணம் திரட்ட முடியவில்லையென்றால் எம்.எல்.ஏ. தொகுதி மேம்பாட்டு நிதியில் கேளுங்கள், வருடத்துக்கு மூன்று கோடி ஒதுக்கீடு உண்டு. எம்.பி. நிதி வருடத்துக்கு ஐந்து கோடி, அதில் 15 சதவீதம் பட்டியல் சாதியினர் வசிக்கும் பகுதிகளுக்குச் செலவிட வேண்டும் என்று வழிகாட்டு விதியே இருக்கிறது. மனுவில் அந்த விதியைக் குறிப்பிட்டு, நாற்பது வீட்டுக் கையெழுத்தோடு கொடுங்கள்.

இந்த வாரம் இ-சேவை மையத்துக்குப் போய் அந்தச் சர்வே எண்ணைப் பாருங்கள். பட்டாவில் அப்பா பெயர் வருகிறதா இல்லையா என்பதை எனக்கு எழுதுங்கள். பணி ஆணை வந்தாலும் எழுதுங்கள், பேஸ்மட்டத்துக்குக் கயிறு கட்டுவதற்கு முன்பு கவனிக்க வேண்டியவை சில இருக்கின்றன, அப்போது சொல்கிறேன். பையனின் பாயை இன்று ராத்திரியே முன்ரூமுக்கு மாற்றிவிடுங்கள்.